பெட்டியில் கிடந்த பழைய காசோலை செல்லுமா?

எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் ‘பணம், சேமிப்பு மற்றும் முதலீடுகள்’ பாடத்தை நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுப்பேன். வீட்டில் இருக்கும் வங்கி தொடர்பான பழைய தாள் ஏதாவது ஒன்றைப் பெற்றோரிடம் கேட்டு எடுத்து வர வேண்டும். பணம் கட்டிய சலான், முடிந்துபோன பாஸ்புக், நகைக்கடன் ரசீது என்று பலவும் வரும். ஏ.டி.எம். சீட்டைக் கொண்டு வருபவர்களும் உண்டு. அதில் எழுத்து முழுவதும் மறைந்துபோய் வெள்ளைத்தாளாக இருக்கும். வகுப்பே சிரிக்கும்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி பாலித்தீன் உறைக்குள் இரண்டு தாள்களைப் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்தாள். ஒன்று காசோலை. 2013 மார்ச் மாதத் தேதி, தொகை ரூ.18,400. பெறுபவர் பெயர் இருக்கும் இடத்தில் அவளுடைய அப்பாவின் பெயர். மற்றொன்று வரைவோலை, நாம் டி.டி. என்று சொல்வது. 2014 ஜனவரியில் எடுத்தது, ரூ.5,000. அப்பா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய தகரப் பெட்டியின் அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே இரண்டும் இருந்தனவாம்.

“இது செல்லுமான்னு டீச்சர்கிட்ட கேட்டுட்டு வான்னு அம்மா சொன்னாங்க.”

தேதியைப் பார்த்தேன். “ரெண்டும் செல்லாதும்மா. மூணு மாசம்தான் கணக்கு” என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடரப் போனேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “அப்போ அந்தக் காசு இப்ப எங்க டீச்சர் இருக்கு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. “நாளைக்குச் சொல்றேன்” என்றேன். அன்று மாலை வணிகவியல் ஆசிரியரிடமும், ஓய்வு பெற்ற வங்கி ஊழியரான பக்கத்து வீட்டுக்காரரிடமும் கேட்டேன். சட்டப் பிரிவுகளையும் ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகளையும் தேடிப் படித்தேன். அப்போதுதான் என் பதில் பாதி தவறு என்று புரிந்தது. நல்லவேளையாக அந்த அம்மா தாள்களைக் கிழித்துப் போட்டிருக்கவில்லை. பெற்றோரிடமிருந்து இதுபோன்ற கேள்விகள் நம் எல்லோருக்கும் வருவதால், தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

காசோலையைப் பணம் என்றே மாணவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு கடிதம். ‘என் கணக்கிலிருந்து இவருக்கு இவ்வளவு கொடுத்துவிடு’ என்று கணக்கு வைத்திருப்பவர் தன் வங்கிக்கு எழுதும் உத்தரவு. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் காசோலைக்குத் தரும் இலக்கணத்தின் சாரம் இதுதான். கடிதம் வங்கிக்குப் போய்ச் சேரும்வரை பணம் எழுதியவரின் கணக்கை விட்டு நகர்வதில்லை. அவர் கணக்கில் பணம் இல்லாமலே கூட அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்திருக்கலாம்.

இந்த உத்தரவுக்கு எத்தனை நாள் உயிர்? முன்பு ஆறு மாதம். அது வங்கிகளின் நடைமுறையாக இருந்துவந்தது. சிலர் ஆறு மாதமும் காசோலைகளை ரொக்கம்போலக் கைமாற்றிக்கொண்டிருப்பதாக மத்திய அரசு சுட்டிக்காட்டியதை அடுத்து, 2011 நவம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி 2012 ஏப்ரல் 1 முதல் காசோலை, வரைவோலை, வங்கியர் காசோலை எல்லாவற்றுக்கும் அவற்றில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதம்தான். ஜூன் 10 என்று தேதியிட்ட காசோலையைச் செப்டம்பர் 9-க்குள் வங்கியில் சேர்த்துவிட வேண்டும். கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ணக்கூடாது. மேலே எழுதியுள்ள தேதியிலிருந்தே எண்ண வேண்டும். இந்த இடத்தில் படித்தவர்களே தவறுகிறார்கள். நானும் ஒருமுறை தவறியிருக்கிறேன்.

மூன்று மாதம் கடந்தால் அது காலம் கடந்த காசோலை. வங்கி அதைத் திருப்பிவிடும். அவ்வளவு பழைய தாளுக்கு வேறு தடைகளும் உண்டு. இப்போது காசோலைகள் ஊர்விட்டு ஊர் போவதில்லை, அவற்றின் படம் மட்டுமே போகிறது. சிடிஎஸ் எனப்படும் இந்த முறை சென்னையில் 2011 செப்டம்பரில் தொடங்கியது. இதற்கேற்ற சிடிஎஸ்-2010 தரத்தில் அச்சிடப்படாத பழைய காசோலைகளுக்கான தனித் தீர்வை 2018 டிசம்பருடன் நின்றுவிட்டது. ஆக, தேதி என்ற ஒன்றை மறந்துவிட்டாலும் அந்த 2013 தாள் பழைய வகையாக இருந்தால் இன்றைய முறைக்குள் நுழையவே முடியாது.

காலம் கடந்த காசோலைக்கு மீண்டும் உயிர் கொடுக்க ஒருவரால்தான் முடியும், அதை எழுதியவரால். பழைய தேதியை அடித்துப் புதுத் தேதி எழுதி முழுக் கையொப்பம் இடலாம். சிடிஎஸ் முறையில் காசோலையில் எந்தத் திருத்தமும் கூடாது என்றாலும், தேதியைப் புதுப்பிப்பதற்கு மட்டும் விலக்கு இருக்கிறது. அதைவிடப் பழையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிய காசோலை வாங்குவதே நல்லது.

இதுவரை சொன்னது தாளைப் பற்றி. மாணவன் கேட்டது பணத்தைப் பற்றி. இரண்டும் வேறு என்பதை நான் கவனிக்கத் தவறியிருந்தேன்.

காசோலை கொடுத்ததாலேயே கடன் தீர்ந்துவிடுவதில்லை. வங்கி பணம் கொடுத்த பிறகுதான் தீர்கிறது. ஆகவே காசோலை காலாவதியானாலும் அதற்குப் பின்னால் இருக்கும் கடன் அப்படியே இருக்கிறது. வீட்டு வாடகைக்காக, செய்த வேலைக்காக, விற்ற மாட்டுக்காக வாங்கிய காசோலை என்றால் அந்த வாடகையும் கூலியும் விலையும் இன்னும் பாக்கிதான். (இதில் ஓர் அபூர்வமான விதிவிலக்கு உண்டு. எழுதியவரின் கணக்கில் பணம் இருந்து, நாம் நியாயமான காலத்துக்குள் போடாமல் வைத்திருந்த இடைவெளியில் அந்த வங்கியே நொடித்துப்போய் அவருக்கு நட்டம் ஏற்பட்டால், அந்த அளவுக்கு அவர் பொறுப்பிலிருந்து விடுபடுகிறார். இது சட்டத்தின் 84-ஆம் பிரிவு.)

கடன் இருக்கிறது என்றாலும் அதை நீதிமன்றத்தில் கேட்பதற்கு எல்லை இருக்கிறது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கூலி, கைக்கடன் போன்ற பெரும்பாலான பணப் பாக்கிகளுக்கு மூன்று ஆண்டுகள். அந்த மூன்று ஆண்டு முடிவதற்குள் கடன்பட்டவர் ‘பாக்கி தர வேண்டியுள்ளது’ என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் தொடங்கும். காலம் முடிந்த பிறகு வழக்குப் போடும் வழி அடைபடுகிறதே தவிர, கடன் இல்லை என்று ஆகிவிடாது. அவராக விரும்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். காலம் கடந்த கடனையும் தருவதாக அவர் எழுத்தில் உறுதி கொடுத்துக் கையொப்பமிட்டால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அந்த உறுதியைச் செல்லுபடியாக்குகிறது.

மறுநாள் மாணவியின் அம்மா பள்ளிக்கு வந்தார். அந்தக் காசோலை எதற்காக வந்தது என்று கேட்டேன். அவர் கணவர் ஒரு சிறிய பனியன் கம்பெனியில் வேலை பார்த்திருக்கிறார். கணக்கு முடித்து நின்றபோது பாக்கிக் கூலிக்காக முதலாளி கொடுத்ததாம்.

“ஏன்மா அப்பவே பேங்க்ல போடல?”

“இப்பப் போடாத, கணக்குல பணமில்ல, நான் சொல்றப்பப் போடுன்னு ஓனர் சொன்னாராம் டீச்சர். இவரும் நல்ல மனுசன்தானேன்னு இருந்துட்டாரு.”

நான் இந்தக் கட்டுரையை எழுதுவதற்குப் பாதிக் காரணம் இந்தப் பதில்தான். ‘சொல்றப்பப் போடு’ என்ற சொல்லை நம்பி மூன்று மாதத்தைக் கடத்திவிட்டால் கையில் இருக்கும் வலுவான பிடி நழுவிவிடுகிறது. செல்லுபடியாகும் காலத்துக்குள் காசோலையைப் போட்டு, கணக்கில் பணம் இல்லை என்று அது திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி அது குற்றம். திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். பணம் கொடுக்க எழுதியவருக்கு 15 நாள் அவகாசம். அதிலும் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் செய்யலாம். இரண்டு ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையைப்போல் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. தேதி கடந்த காசோலை திரும்பினால் இதில் எதுவும் கிடையாது. மூன்று மாதத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம் என்பதால், காத்திருக்கச் சொன்னால் இரண்டரை மாதம் காத்திருந்தாலும் போதும். கடைசி வாரத்திலாவது போட்டுவிட வேண்டும்.

அந்த அம்மாவும் அவர் தம்பியும் கம்பெனியைத் தேடிப் போனார்கள். அது இருந்த இடத்தில் இப்போது ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. முதலாளி எங்கே போனார் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. மூன்றாண்டு எல்லையும் 2016-லேயே முடிந்துவிட்டது. அந்த ரூ.18,400 வரவில்லை. நியாயமான பணம்தான், ஆனால் அதைத் தர வேண்டியவரைத் தவிர வேறு யாரிடமும் அதைக் கேட்க முடியாது.

வரைவோலையின் கதை வேறு. காசோலையை எழுதுபவர் கணக்கு வைத்திருப்பவர். வரைவோலையை எழுதுவது வங்கி. அதை வாங்கும் நாளிலேயே நாம் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறோம். ஆகவே அந்தப் பணம் அன்று முதல் வங்கியிடமே இருக்கிறது. மூன்று மாதம் கடந்தால் தாளை நேரடியாக மாற்ற முடியாது என்பது இதற்கும் பொருந்தும். ஆனால் வாங்கியவர் அதே வங்கியில் கொடுத்துப் புதுப்பித்துக்கொள்ளலாம் அல்லது ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். பின்வரிசை மாணவனின் கேள்விக்கு இங்கே தெளிவான பதில் இருந்தது.

பத்து ஆண்டுகள் யாரும் கேட்காமல் கிடந்தால்? வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 26-ஏ பிரிவின்படி 2014-இல் ரிசர்வ் வங்கி ‘வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதி’ என்ற ஒன்றை ஏற்படுத்தியது. பத்து ஆண்டுகளாகக் கேட்பாரற்றுக் கிடக்கும் சேமிப்புக் கணக்குகள், வைப்புத்தொகைகள், பணமாக்கப்படாத வரைவோலைகள், வங்கியர் காசோலைகள் ஆகியவற்றின் தொகையை வங்கிகள் இந்த நிதிக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றினாலும் உரிமை போய்விடுவதில்லை. உரியவரோ வாரிசோ வந்து கேட்டால் வங்கி பணத்தைக் கொடுத்துவிட்டு, நிதியிலிருந்து அதை ஈடுசெய்துகொள்ளும். நாம் ரிசர்வ் வங்கிக்குப் போக வேண்டியதில்லை, நம் பழைய வங்கிக் கிளைக்குப் போனால் போதும்.

மாணவியின் அப்பா அந்த வரைவோலையை ஒரு வீட்டுமனைத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பதற்காக எடுத்திருக்கிறார். பிறகு ஏனோ விண்ணப்பிக்கவில்லை. அம்மா வங்கிக்குப் போனபோது முதலில் அவருக்குக் கிடைத்த பதில், நான் வகுப்பில் சொன்ன அதே பதில்தான். பழைய டி.டி., செல்லாது. இரண்டாவது முறை நானும் உடன் போனேன். ரத்து செய்து பணம் கேட்கிறோம் என்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். அப்போது வேறொரு சிக்கல் எழுந்தது. ‘இதை வாங்கியவர் இவர் கணவர்தான் என்பதற்கு என்ன சான்று?’ கேள்வியில் தவறில்லை. வரைவோலையின் முகப்பில் வாங்கியவர் பெயரை அச்சிட வேண்டும் என்பது 2018 செப்டம்பர் 15-இல்தான் நடைமுறைக்கு வந்தது. 2014-இல் எடுத்த தாளில் யாருக்குப் போக வேண்டும் என்ற பெயர் இருந்தது, எடுத்தவர் பெயர் இல்லை.

வழி காட்டியது அதே தகரப் பெட்டியில் இருந்த பாஸ்புக். வரைவோலைத் தேதியன்றே அதில் ரூ.5,000-மும் கமிஷனும் கழிக்கப்பட்டிருந்தன. அதன் நகல், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மாவின் ஆதார், உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றுடன் மூல வரைவோலையைக் கொடுத்தோம். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொண்டோம். இரண்டு மாதம் கழித்து, ரத்துக் கட்டணமாக ஒரு சிறு தொகை போக மீதி அவர் கணக்கில் வந்தது. வட்டி இல்லை. வரைவோலை வட்டி தரும் வைப்பு அல்ல என்பதால் அதை எதிர்பார்க்கவும் முடியாது. வட்டி தரும் கணக்குகள் அந்த நிதிக்குப் போயிருந்தால் அதற்கும் வட்டி உண்டு, 2021 மே முதல் அது ஆண்டுக்கு 3 சதவீதம்.

பழைய சேமிப்புக் கணக்கு இருக்கிறதா என்றே தெரியாதவர்களுக்காக 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ‘உத்கம்’ என்ற இணையதளத்தைத் தொடங்கியது. கணக்கு வைத்திருந்தவரின் பெயரையும், வங்கியையும், பிறந்த தேதி, பான், வாக்காளர் அட்டை போன்ற ஒன்றையும் கொடுத்துத் தேடலாம். 2024 மார்ச் நிலவரப்படி 30 வங்கிகள் அதில் இருந்தன. கேட்பாரற்ற வைப்புகளில் ஏறத்தாழ 90 சதவீதம் அவற்றுக்குள் அடங்கும். தேடுவது அங்கே, பணம் கேட்பது வங்கியில்.

வங்கியே இல்லாமல் போனால் என்ன செய்வது என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நம் மாநிலத்திலேயே அப்படிப் பெயர் மறைந்த வங்கிகள் உண்டு. பேங்க் ஆஃப் தஞ்சாவூர் 1990-இல் இந்தியன் வங்கியுடன் சேர்ந்தது. பேங்க் ஆஃப் மதுரா 2001-இல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியுடன் சேர்ந்தது. கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியுடன் சேர்ந்தது. இணைப்பின்போது வைப்புகளைத் திருப்பித் தரும் பொறுப்பு புதிய வங்கிக்கு வந்துவிடுகிறது. பெயர்ப்பலகை மாறியதற்காகப் பழைய பாஸ்புக்கைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடக்கூடாது.

பங்கு ஈவுத்தொகைக்காக வந்த பழைய காசோலை என்றால், ஏழு ஆண்டு யாரும் கேட்காத தொகை ‘முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதி’க்குப் போயிருக்கும். அதற்கென உள்ள படிவத்தில் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய முதிர்வுத் தொகை என்றால், பத்து ஆண்டுக்குப் பிறகு அது ‘மூத்த குடிமக்கள் நல நிதி’க்குப் போகிறது. அங்கிருந்து 25 ஆண்டுகள் வரை கேட்டுப் பெற வழி இருக்கிறது. இவற்றில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை.

பள்ளிக்குள்ளேயே நாம் பார்க்க வேண்டியதும் இருக்கிறது. கல்வி உதவித்தொகை இப்போது நேரடியாக வங்கிக் கணக்கில் வந்துவிடுகிறது. ஆனால் போட்டிகளில் பரிசாக இன்றும் காசோலை தருகிறார்கள். மேடையில் ஆள் உயர அட்டைக் காசோலையுடன் புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம். உண்மையான காசோலை உறைக்குள் போய் வீட்டு அலமாரியில் தங்கிவிடுகிறது. பிள்ளைக்குக் கணக்கு இருக்காது, அல்லது காசோலையில் ஒரு முன்னெழுத்தும் பாஸ்புக்கில் வேறு முன்னெழுத்தும் இருக்கும். சரிசெய்வதற்குள் மூன்று மாதம் ஓடிவிடும். போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதே பாஸ்புக்கில் உள்ளபடி எழுதிக் கொடுத்தால் பாதித் தொல்லை குறையும். பரிசு கொடுத்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் புதிய காசோலை தந்துவிடுவார்கள், கேட்பதற்குத்தான் நமக்குக் கூச்சம்.

மாணவர்களின் கணக்குகளையும் கவனிக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் நாமாக எந்த வரவு செலவும் செய்யாத கணக்கு செயல்படாக் கணக்காகிறது. அரசுத் திட்டங்களுக்காகவும் உதவித்தொகைக்காகவும் தொடங்கிய கணக்குகளை அப்படி ஆக்காமல் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024-இல் வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. செயல்படாக் கணக்கை மீண்டும் இயக்குவதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதமும் பிடிக்கக்கூடாது. இதைச் சொல்லிக் கேட்கும் பெற்றோருக்கு வங்கியில் கிடைக்கும் பதிலே வேறாக இருக்கும்.

மேல்நிலை வகுப்பில் கணக்குப்பதிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு இது ‘வங்கிச் சரிகட்டும் பட்டியல்’ பாடத்தில் நேரடியாகப் பயன்படும். ‘விடுத்த காசோலை இன்னும் முன்னிலைப்படுத்தப்படவில்லை’ என்ற வரியை மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அந்த வரிக்குப் பின்னால், காசோலையைப் பெட்டியில் வைத்துவிட்டுக் காத்திருக்கும் ஒருவர் இருக்கலாம் என்று சொன்னால், எழுதியவரின் ரொக்க ஏட்டில் குறைந்த பணம் வங்கி அறிக்கையில் ஏன் குறையவில்லை என்பது விளக்காமலே புரிகிறது.

அந்த அம்மா காசோலையைத் திரும்ப வாங்கிப் போய்விட்டார். பெயர்களை மறைத்து எடுத்த ஒரு நகல் மட்டும் என்னிடம் இருக்கிறது. இந்த ஆண்டு அதே பாடத்தை அந்த நகலோடு தொடங்கினேன். கரும்பலகையில் மூன்று கேள்விகள் எழுதினேன். இந்தத் தாளை எழுதியது யார்? எதற்காகக் கொடுத்தார்? பணம் இப்போது யாரிடம் இருக்கிறது? அடுத்த வாரம் ஒரு மாணவன் தன் பாட்டியின் பாஸ்புக்கைக் கொண்டு வந்தான். லட்சுமி விலாஸ் வங்கி, கடைசி வரவு 2011, இருப்பு ரூ.2,360. எந்த வங்கிக்குப் போய்க் கேட்க வேண்டும் என்று நான் சொல்வதற்குள் பக்கத்தில் இருந்தவளே சொல்லிவிட்டாள்.